சம்பளம் இல்லாத ஐந்து ஆண்டுகள்

1995 ஜூன் மாதம் டொராண்டோ நகரில் கூடிய, அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீகான என்.பி.ஏ.வின் அணிகள், அந்த ஆண்டுக்கான புதிய வீரர்களைத் தேர்ந்தெடுத்தன. ஐந்தாவதாக அழைக்கப்பட்டவர் கெவின் கார்னெட். வயது 19. பள்ளிப்படிப்பை அப்போதுதான் முடித்திருந்தார். கல்லூரி அணிக்காக ஓர் ஆட்டம்கூட ஆடியதில்லை. ஒன்பதாவதாக அழைக்கப்பட்டவர் எட் ஓபேனன். வயது 22. அந்த ஆண்டின் தலைசிறந்த கல்லூரி வீரருக்கான ஜான் வுடன் விருதைப் பெற்றவர், தன் கல்லூரியை தேசிய சாம்பியனாக்கியவர். இரண்டே ஆண்டுகளில் கார்னெட் 12.6 கோடி டாலருக்கு ஆறு ஆண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். அதே 1997இல் ஓபேனனின் என்.பி.ஏ. வாழ்க்கை முடிந்தது.

கார்னெட் அபாரமான வீரர் என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஓபேனனை அவரோடு ஒப்பிடுவது என் நோக்கமும் இல்லை. ஒரு விளையாட்டு வீரரின் உடல் அதன் உச்சத்தில் நிற்கும் காலம் மிகச் சிறியது. சிலருக்கு அது 25 வயதுக்கு மேல் வருகிறது. சிலருக்குக் கல்லூரியிலேயே வந்து, கல்லூரியிலேயே போய்விடுகிறது. ஓபேனன் இரண்டாம் வகை. அவருடைய உச்சத்தைப் பல்கலைக்கழகமும், தொலைக்காட்சியும், காலணி நிறுவனங்களும் விற்றுக் காசாக்கின. அவருக்குக் கிடைத்தது படிப்புக் கட்டணம், தங்குமிடம், சாப்பாடு, புத்தகம். மீதியை நாளை என்.பி.ஏ.வில் சம்பாதித்துக்கொள்ளலாம் என்று சொல்லப்பட்டது. அந்த ‘நாளை’ பெரும்பாலானவர்களுக்கு வருவதே இல்லை. கல்லூரிக் கூடைப்பந்து ஆடும் ஆண்களில் என்.பி.ஏ. அணிகளால் தேர்ந்தெடுக்கப்படுவோர் நூற்றுக்கு இரண்டு பேர்கூடத் தேற மாட்டார்கள்.

ஓபேனன் லாஸ் ஏஞ்சலஸ் பையன். லேக்வுட்டில் உள்ள ஆர்டீசியா பள்ளியில் ஆடியபோதே நாடு முழுவதும் பேசப்பட்டவர். இடதுகைக்காரர், 203 சென்டிமீட்டர் உயரம். 1990இல் அவர் முதலில் தேர்ந்தெடுத்தது லாஸ் வேகாஸில் உள்ள நெவாடா பல்கலைக்கழகத்தை. அப்போது தேசிய சாம்பியன் அந்த அணிதான். ஆனால், கல்லூரி விளையாட்டுகளைக் கட்டுப்படுத்தும் என்.சி.ஏ.ஏ. சங்கம் அந்தப் பல்கலைக்கழகத்தின் மீது நடவடிக்கை எடுத்ததால், மனம் மாறி லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் (யுசிஎல்ஏ) சேர்ந்தார். ஜான் வுடன் என்ற பயிற்சியாளரின் கீழ் 12 ஆண்டுகளில் 10 முறை தேசியப் பட்டம் வென்ற கல்லூரி அது. 1975இல் வுடன் ஓய்வுபெற்ற பிறகு ஒரு பட்டமும் இல்லை. அந்த வறட்சியைத் தீர்க்க வந்தவராகவே ஓபேனனைப் பார்த்தார்கள்.

1990 அக்டோபரில், அணியின் முறையான பயிற்சி தொடங்குவதற்குள்ளாகவே, நண்பர்களோடு ஆடிய சாதாரண ஆட்டம் ஒன்றில் குதித்து இறங்கும்போது அவருடைய முழங்கால் தசைநார் அறுந்தது. இறந்த ஒருவரின் குதிகால் தசைநாரை எடுத்துப் பொருத்தி முழங்காலைச் சரிசெய்தார்கள். இனி ஆடவே முடியாமல் போகலாம் என்ற பேச்சும் இருந்தது. 1990–91 பருவம் முழுவதும் போனது. திரும்பி வந்த பிறகும் பழைய வேகம் வர வெகுநாள் பிடித்தது.

அன்றைய விதி ஒன்றை இந்த இடத்தில் நினைவில் வைக்க வேண்டும். 1973இலிருந்து 2012 வரை விளையாட்டு உதவித்தொகை ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிக்கப்பட வேண்டிய ஒன்று. நான்கு ஆண்டுக்கும் சேர்த்து உறுதி கொடுக்க நினைத்த கல்லூரிகளையும் என்.சி.ஏ.ஏ. விதி தடுத்தது. முழங்கால் உடைந்த மாணவரை ஆண்டு முடிவில் ஒரு கடிதத்தோடு அனுப்பிவிட சட்டத்தில் தடை ஏதும் இல்லை. யுசிஎல்ஏ அப்படிச் செய்யவில்லை என்பது அந்தப் பல்கலைக்கழகத்துக்குப் பெருமை. ஆனால், 18 வயதுப் பையனின் படிப்பு அடுத்தவரின் பெருந்தன்மையை நம்பித்தான் நின்றது. கால் உடைந்தால் கல்வியும் போகும் என்ற நிலையில் இருப்பவரை மாணவர் என்று மட்டும் சொல்லி முடித்துவிட முடியாது. அவர் செய்துகொண்டிருந்தது வேலை.

அந்த வேலையின் அளவை ஓபேனன் பின்னாளில் நீதிமன்றத்தில் சொன்னார். வாரத்துக்கு 40 முதல் 45 மணி நேரம் கூடைப்பந்துக்கு; படிப்புக்கு ஏறக்குறைய 12 மணி நேரம். தகவல் தொடர்பியல் படிக்க விரும்பியவரை, பயிற்சி நேரத்துக்கு ஒத்துவரும் என்பதற்காக வரலாறு பக்கம் திருப்பிவிட்டார்கள். மாணவன் வேடத்தில் இருந்த விளையாட்டுக்காரன் நான் என்ற பொருளில் அவர் சாட்சியம் அளித்தார். கல்விதான் உங்களுக்கு ஊதியம் என்று வாதிடுகிறவர்கள் அந்தச் சாட்சியத்தைப் படித்துப் பார்க்க வேண்டும். ஊதியம் என்று சொல்லப்பட்ட கல்வியும் அவருக்கு முழுதாகக் கொடுக்கப்படவில்லை.

1995 பருவம் அவருடையது. ஆட்டத்துக்குச் சராசரியாக 20.4 புள்ளிகள், 8.3 ரீபவுண்டுகள். பருவம் முழுவதும் யுசிஎல்ஏ தோற்றது இரண்டே ஆட்டங்கள். தேசியப் போட்டியின் இரண்டாம் சுற்றில் மிசூரி அணியிடம் ஒரு புள்ளி பின்தங்கி நின்றபோது, எஞ்சியிருந்தது 4.8 விநாடி. சின்ன உருவம் கொண்ட டையஸ் எட்னி பந்தை வாங்கி, அரங்கின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓடிப் போட்ட கூடை அந்த அணியைக் காப்பாற்றியது. அமெரிக்காவில் மார்ச் மாதம் தொலைக்காட்சிப் பெட்டியைத் திறந்தால் இன்றும் அந்த ஓட்டத்தைப் பார்க்கலாம்.

ஏப்ரல் 3 அன்று சியாட்டில் நகரின் கிங்டோம் அரங்கில் இறுதி ஆட்டம். எதிரணி முந்தைய ஆண்டு சாம்பியன் ஆர்கன்சா. மணிக்கட்டு அடிபட்டிருந்த எட்னி சில நிமிடங்களிலேயே வெளியேற வேண்டியிருந்தது. பந்தைக் கொண்டுபோகும் ஆள் இல்லாமல், எதிராளிகளை மூச்சுமுட்ட விரட்டி ஆடுவதற்குப் பெயர்பெற்ற ஆர்கன்சாவை எதிர்கொள்வது லேசான காரியம் அல்ல. ஓபேனன் 30 புள்ளிகள் எடுத்தார், 17 ரீபவுண்டுகளைப் பிடித்தார். 89–78 என்று யுசிஎல்ஏ வென்றது. ஆட்டத்தில் அவரோடு தம்பி சார்லஸும் இருந்தார். ஒட்டுவைத்த முழங்காலோடு ஒருவர் ஆடிய அந்த 40 நிமிடம், கல்லூரிக் கூடைப்பந்தின் மகத்தான ஆட்டங்களில் ஒன்று என்றே நான் கருதுகிறேன்.

அந்த 40 நிமிடத்துக்குப் பின்னால் ஓடிய பணத்தையும் பார்ப்போம். 1991இல் தொடங்கிய ஏழாண்டு ஒப்பந்தத்துக்காக சிபிஎஸ் தொலைக்காட்சி என்.சி.ஏ.ஏ.வுக்குக் கொடுக்க ஒப்புக்கொண்டது 100 கோடி டாலர். அந்தக் காலம் முடிவதற்கு முன்பே, 1994 டிசம்பரில், 172.5 கோடி டாலருக்குப் புதிய ஒப்பந்தம் போட்டார்கள். ஓபேனன் கல்லூரியில் இருந்த ஆண்டுகளில் எழுந்த மதிப்பு இது. 2010இல் சிபிஎஸ், டர்னர் இரண்டும் சேர்ந்து 14 ஆண்டுகளுக்கு 1,080 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டன. பயிற்சியாளர்களின் சம்பளம் இந்தப் பணத்தோடு சேர்ந்தே ஏறியது. இன்று பெரும்பாலான மாநிலங்களில் அரசுச் சம்பளப் பட்டியலின் உச்சியில் இருப்பவர் ஆளுநர் அல்லர், அரசுப் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அல்லது கூடைப்பந்துப் பயிற்சியாளர். சந்தை என்ன கொடுக்கிறதோ அதை எல்லோரும் வாங்கினார்கள். பந்தை எடுத்து ஆடியவருக்கு மட்டும் உச்சவரம்பு.

என்.பி.ஏ.வில் நியூஜெர்சி நெட்ஸ் அணி அவரை எடுத்தது. அங்கே அவருக்கு இடம் அமையவில்லை. உள்ளே நின்று மோதும் வீரர்களுக்கு உடல்கட்டு போதவில்லை. வெளியே ஓடும் வீரர்களுக்கு ஈடுகொடுக்க முழங்கால் இடம்தரவில்லை. இரண்டாவது பருவத்தின் நடுவே டல்லாஸுக்கு மாற்றப்பட்டார். மொத்தம் 128 ஆட்டங்கள், சராசரி 5 புள்ளிகள். பிறகு இத்தாலி, ஸ்பெயின், கிரீஸ், அர்ஜென்டினா, போலந்து என்று பல நாட்டு அணிகளுக்கு ஆடி, 2004இல் ஓய்வுபெற்றார். குடும்பத்தோடு லாஸ் வேகாஸ் பக்கம் குடியேறி, கார் விற்பனையாளராக வேலைக்குச் சேர்ந்தார். அதைப் பரிதாபக் கதையாக எழுதிய பத்திரிகைகள் உண்டு. நேர்மையான உழைப்பில் பரிதாபப்பட ஒன்றும் இல்லை. என்னை உறுத்துவது வேறு: முப்பத்தைந்து வயதைக் கடந்த பிறகு, வேலை பார்த்துக்கொண்டே, லாஸ் வேகாஸில் உள்ள நெவாடா பல்கலைக்கழகத்தில் படித்துத்தான் அவர் தன் பட்டத்தை வாங்கினார். யுசிஎல்ஏவில் ஐந்து ஆண்டுகள் இருந்தவர். அவருடைய 31ஆம் எண் சட்டையை இனி யாரும் அணியக் கூடாது என்று அந்தப் பல்கலைக்கழகம் மரியாதை செய்திருந்தது.

அவர் வாழ்க்கையின் இரண்டாவது பெரிய ஆட்டம் ஒரு வீடியோ கேமில் தொடங்கியது. நண்பர் ஒருவரின் வீட்டுக்குப் போனபோது, அவருடைய மகன் எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனத்தின் கல்லூரிக் கூடைப்பந்து கேமை ஆடிக்கொண்டிருந்தான். திரையில் 1995 யுசிஎல்ஏ அணி. எண் 31, இடதுகை, மழித்த தலை, அதே உயரம், அதே நிறம். பெயர் மட்டும் இல்லை. முதலில் பெருமையாகத்தான் இருந்தது என்று ஓபேனன் சொல்லியிருக்கிறார். இந்த கேமுக்கு நான் காசு கொடுத்தேன், உனக்கு ஒரு பைசா வரவில்லை என்று நண்பர் சொன்ன பிறகுதான் அது உறைத்தது.

காலணி நிறுவனங்களுக்காகப் பல காலம் கல்லூரிகளோடு ஒப்பந்தம் பேசிய சோனி வக்காரோ, தான் கட்ட உதவிய அமைப்பையே எதிர்த்துப் பேசிக்கொண்டிருந்த நேரம் அது. அவருடைய தொடர்பில், 2009 ஜூலையில் ஓபேனன் பெயரில் என்.சி.ஏ.ஏ. மீது வழக்குத் தொடுக்கப்பட்டது. பின்னர் கூடைப்பந்தின் பெருமக்களான பில் ரஸல், ஆஸ்கர் ராபர்ட்சன் இருவரும் வாதிகளாகச் சேர்ந்தார்கள். வீடியோ கேம் நிறுவனமும், என்.சி.ஏ.ஏ.வும் கேம் தொடர்பான கோரிக்கைகளுக்காக மொத்தம் 6 கோடி டாலர் கொடுத்து ஒதுங்கின. ஆனால் பெரிய கேள்வி மிச்சம் இருந்தது: வீரர்களுக்குக் காசு தரக் கூடாது என்று கல்லூரிகள் எல்லாம் ஒன்றுகூடி முடிவெடுப்பது வணிகப் போட்டிச் சட்டத்துக்கு விரோதமா? அந்தப் பகுதியில் இழப்பீடு கேட்பதை விட்டுவிட்டு, விதியை மாற்றச் சொல்லி மட்டும் ஓபேனன் தரப்பு விசாரணைக்குப் போனது. மாறினால் அடுத்த தலைமுறைக்கு லாபம். அவருக்கு அதில் எதுவும் கிடையாது என்பது அவருக்கே தெரியும்.

விசாரணை 2014 ஜூனில் ஓக்லாண்டில் நடந்தது. அதற்கு இரண்டு மாதம் முன்பு நடந்த ஒன்று, ஆயிரம் பக்க வாதத்தைவிடத் தெளிவாக நிலைமையைச் சொன்னது. கனெக்டிகட் பல்கலைக்கழகத்தைத் தேசிய சாம்பியனாக்கிய ஷபாஸ் நேப்பியர், சில இரவுகளில் பட்டினியோடு படுக்கிறேன் என்று பத்திரிகையாளர்களிடம் சொன்னார். பல கோடிப் பேர் பார்க்கும் போட்டியின் நாயகன் அவர். ஒரு வாரத்துக்கெல்லாம் வீரர்களுக்கு அளவில்லாமல் உணவு தரலாம் என்ற விதியை என்.சி.ஏ.ஏ. முன்னகர்த்தியது. அதுவரை எவ்வளவு சாப்பாடு தரலாம் என்பதற்கும் விதி வைத்திருந்தார்கள் என்பதை இப்போது படிக்கும்போதும் கோபம் வருகிறது.

நீதிபதி கிளாடியா வில்கன் 2014 ஆகஸ்டில் 99 பக்கத் தீர்ப்பை அளித்தார். என்.சி.ஏ.ஏ. விதி சட்ட விரோதம். படிப்புக்கான முழுச் செலவையும் கல்லூரிகள் தரலாம். அதற்கு மேல் ஆண்டுக்கு 5,000 டாலர்வரை தனிக் கணக்கில் போட்டு, படிப்பு முடிந்ததும் கொடுக்கலாம் என்றார். மேல்முறையீட்டு நீதிமன்றம் 2015இல் சட்ட விரோதம் என்பதை உறுதிசெய்தது. முழுச் செலவைத் தரலாம் என்பதையும் ஏற்றது. 5,000 டாலரை மட்டும் நீக்கியது. 2016இல் உச்ச நீதிமன்றம் வழக்கை எடுத்துக்கொள்ள மறுத்தது. தொகையாகப் பார்த்தால் சின்ன வெற்றி. ஆனால், கல்லூரி விளையாட்டு சட்டத்துக்கு மேலானது என்ற நம்பிக்கை அங்கேதான் உடைந்தது.

பிறகு நடந்தவை வேகமாக நடந்தன. வீரர்கள் தங்கள் பெயரை வைத்துச் சம்பாதிக்க இடம்தரும் தனிச் சட்டத்தை 2019இல் கலிஃபோர்னியா இயற்றியது. 2021 ஜூனில், வீரர்கள் தொடுத்த ஆல்ஸ்டன் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில் என்.சி.ஏ.ஏ.வுக்கு எதிராகத் தீர்ப்பளித்தார்கள். நாட்டின் வேறெந்தத் தொழிலிலும் உழைப்பவருக்குச் சந்தை விலை தர மாட்டோம் என்று முதலாளிகள் கூடிப் பேசி முடிவெடுத்துத் தப்பிக்க முடியாது என்று நீதிபதி கேவனா தனியாக எழுதினார். அடுத்த மாதம் முதல் நாளிலிருந்தே வீரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்து விளம்பரத்தில் சம்பாதிக்க அனுமதி வந்தது. 2025 ஜூனில், அதே வில்கன், வீரர்கள் தொடுத்த ‘ஹவுஸ்’ வழக்கின் சமரசத்துக்கு ஒப்புதல் அளித்தார். பழைய பாக்கியாக 280 கோடி டாலர் பத்து ஆண்டுகளில் கொடுக்கப்படும். ஒவ்வொரு பல்கலைக்கழகமும் முதல் ஆண்டில் சுமார் 2.05 கோடி டாலர்வரை தன் வீரர்களுக்கு நேரடியாகப் பங்கு தரலாம்.

இதனால் கல்லூரி விளையாட்டே கெட்டுவிட்டது என்று புலம்புகிறவர்கள் இருக்கிறார்கள். மாணவர்கள் ஆண்டுதோறும் அணி மாறுகிறார்கள், விசுவாசம் போய்விட்டது, படிப்பு இரண்டாம்பட்சமாகிவிட்டது என்பது அவர்கள் குறை. அணி மாறுவது கூடியிருப்பது உண்மை. ஆனால், பயிற்சியாளர்கள் கூடுதல் சம்பளத்துக்காக ஒப்பந்தத்தின் நடுவே கல்லூரி மாறியபோது இந்த விசுவாசப் பேச்சு இவ்வளவு உரக்கக் கேட்டதில்லை. படிப்பு எப்போது இரண்டாம்பட்சமானது என்பதற்கு ஓபேனனின் 12 மணி நேரமே சாட்சி. பணம் வருவதற்கு 20 ஆண்டுகளுக்கும் மேல் முந்தைய கணக்கு அது.

‘நாளை சம்பாதிக்கலாம்’ என்ற வாதத்துக்குச் சரியான பதில் பெண்கள் கூடைப்பந்தில் இருக்கிறது. அயோவா பல்கலைக்கழகத்தின் கெய்ட்லின் கிளார்க் ஆடிய 2024 பெண்கள் இறுதி ஆட்டத்தை அமெரிக்காவில் பார்த்தவர்கள் 1.8 கோடிக்கும் மேல். அந்த ஆண்டு ஆண்கள் இறுதி ஆட்டத்துக்கு அவ்வளவு பேர் இல்லை. மாணவியாக இருக்கும்போதே விளம்பரங்களில் அவர் ஈட்டியது பல லட்சம் டாலர். அதே ஆண்டு தொழில்முறை ஆட்டத்துக்குப் போனபோது, முதல் ஆண்டுச் சம்பளம் 76,535 டாலர். பத்து ஆண்டுகளுக்கு முன் பிறந்திருந்தால் கல்லூரியில் ஒன்றும் வாங்காமல், வெளியே வந்து அந்தச் சம்பளத்தை மட்டும் வாங்கியிருப்பார். வியர்வை உலரும் முன்பே கூலி கொடுக்க வேண்டும் என்று நம் பெரியவர்கள் சொல்வதில் பொருள் இருக்கிறது. உழைப்புக்கு விலை இருக்கும்போது கொடுக்காத கூலியைப் பிறகு ஈடுகட்ட முடியாது.

குறைகளும் நிறைய மிச்சமிருக்கின்றன. பாக்கித் தொகையில் பெரும்பங்கு கால்பந்துக்கும் ஆண்கள் கூடைப்பந்துக்குமே போகிறது என்று வீராங்கனைகள் சிலர் மேல்முறையீடு செய்தார்கள். அவர்கள் கேள்வியில் நியாயம் இருக்கிறது. மாணவர் விசாவில் அங்கே போய் ஆடும் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு, விசா விதிகளால் இந்த விளம்பர வருவாய் பெரும்பாலும் எட்டாக்கனி. எல்லாவற்றுக்கும் மேலாக, வீரர்களைத் தொழிலாளர்கள் என்று ஒப்புக்கொள்ள என்.சி.ஏ.ஏ. இன்னும் மறுக்கிறது. 2024 மார்ச்சில் டார்ட்மத் கல்லூரிக் கூடைப்பந்து வீரர்கள் 13–2 என்ற வாக்கில் தொழிற்சங்கம் அமைக்க முடிவெடுத்தார்கள். கல்லூரி பேச்சுவார்த்தைக்கு வரவில்லை. ஆண்டு இறுதியில், அரசியல் காற்று மாறியதும், அவர்கள் மனுவைத் திரும்பப் பெற நேர்ந்தது. தொழிலாளர் இல்லையென்றால் பணியிடக் காயத்துக்கான இழப்பீடும் இல்லை. 2024 ஆகஸ்ட் முதல், கல்லூரியில் பட்ட காயத்துக்கு வெளியேறிய பிறகும் இரண்டு ஆண்டுகள்வரை முதல்நிலைக் கல்லூரிகள் சிகிச்சை தர வேண்டும் என்று ஒரு விதி வந்திருக்கிறது. நல்ல தொடக்கம்தான். ஆனால், இருபது வயதில் அடிபட்ட முழங்கால் தன் கணக்கைக் கேட்பது நாற்பது வயதில்.

பாக்கித் தொகை 2016க்குப் பிறகு ஆடியவர்களுக்கு மட்டும். வழக்கின் கால வரம்பு அப்படி. அதற்கு முந்தையவர்கள் தனியாக நீதிமன்றம் போய்ப் பார்த்தார்கள். 2008 இறுதி ஆட்டத்தின் கடைசி விநாடிகளில் கன்சாஸ் அணியைக் காப்பாற்றிய மரியோ சால்மர்ஸும் இன்னும் பலரும், தங்கள் பழைய காட்சிகளைக் காட்டி என்.சி.ஏ.ஏ. இன்னும் சம்பாதிக்கிறது என்று வழக்குப் போட்டார்கள். காலம் கடந்துவிட்டது என்று 2025இல் தள்ளுபடி ஆனது. 1983இல் பட்டம் வென்ற வட கரோலைனா ஸ்டேட் அணியினரின் வழக்குக்கும் அதே முடிவு. சட்டப்படி அது சரியாகவே இருக்கலாம். ஆனால், வழக்குத் தொடுக்கும் உரிமைக்குக் காலாவதி வைத்தவர்கள், ஒளிபரப்பும் உரிமைக்கு அப்படி எந்தக் காலாவதியும் வைத்துக்கொள்ளவில்லை.

நீதிமன்றம் கட்டாயப்படுத்தாததை என்.சி.ஏ.ஏ. தானாகச் செய்யலாம். அதன் ஆண்டு வருவாய் 100 கோடி டாலருக்கு மேல். பெரும்பகுதி மார்ச் மாதப் போட்டியின் ஒளிபரப்பிலிருந்து வருவது. அதில் ஒரு பகுதியை ஒதுக்கி, 2016க்கு முன் ஆடியவர்களுக்கு இரண்டு காரியங்கள் செய்ய முடியும். பழைய ஆட்டக் காட்சியை விளம்பரத்துக்கோ ஒளிபரப்புக்கோ பயன்படுத்தும் ஒவ்வொரு முறையும், அதில் இருப்பவர்களுக்கு ஒரு தொகை கொடுக்கலாம். திரைப்படத் தொழிலில் நடிகர்களுக்கு மறு ஒளிபரப்புத் தொகை பல்லாண்டுகளாக இப்படித்தான் போகிறது. கல்லூரிக் காலத்தில் பட்ட காயத்துக்கு, வயது வரம்பு இல்லாமல் சிகிச்சைச் செலவை ஏற்கலாம். இதற்கு நாடாளுமன்றச் சட்டமும் வேண்டாம், இன்னொரு பதினைந்தாண்டு வழக்கும் வேண்டாம். என்.சி.ஏ.ஏ.வின் ஆட்சிக் குழு கூடி ஒரு தீர்மானம் போட்டால் போதும். 1995 அணியில் ஆடியவர்களுக்கு இப்போது ஏறக்குறைய ஐம்பது வயதுதான் ஆகிறது. அவர்கள் கையில் நேரடியாகக் கொடுக்க இன்னும் நேரம் இருக்கிறது.